கீழ்மண்ணுக்கு ஒரு கையெழுத்து

நொத்தாரிசு வாசித்துக்கொண்டே இருந்தார்.

ஜெர்மனியில் சொத்துப் பத்திரம் என்றால், அதை எழுதிய நொத்தாரிசே முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். அது சட்டம். கோயிலில் புராணப் படிப்புக் கேட்டு வளர்ந்தவன் நான். இது ராகமில்லாத புராணம். இடையில் நிறுத்திப் பயன் சொல்லி விளக்கவும் ஆளில்லை.

வெளியே மழை. நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடையும் தரைக்குப் போட்ட மெழுகின் வாடையும் அறையில் கலந்து கிடந்தன. சுவரோரம் வெந்நீர்க் குழாய் விட்டுவிட்டுக் கிடுகிடுத்தது.

மேசைக்கு முன்னால் என் மனைவி ஆன்கே, தகப்பனின் செத்தவீட்டுக்குப் போட்ட அதே கறுப்புக் கோட்டில். அவளுக்குப் பக்கத்தில் தமையன் உவே. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தான். ஆனாலும் விரல் வெடிப்புகளில் உருளைக்கிழங்கு மண் இருந்தது. எதிரே ஃபோகெல் என்ற கனவான், பச்சைத் தொப்பியை முழங்காலில் வைத்தபடி. நான் சுவரோரக் கதிரையில். துணைக்கு வந்தவன், அவ்வளவுதான்.

அவர்கள் பேசியது ஜெர்மன். இத்தனை வருடம் கழித்து நினைக்கும்போது அது எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சாகவே காதில் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

நொத்தாரிசு ஒரு பக்கத்தில் நின்றார். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"இதிலை ஒரு விசயம் இருக்கு. ஆன்கே அம்மாவின்ரை சொத்து எண்டு பாத்தால், கிட்டத்தட்ட இந்த உரிமை மட்டும்தான். தன்ரை முழுச் சொத்தையும் விக்கிற ஆளுக்குப் புருசன்ரை சம்மதமும் வேணும். சட்டம் அப்பிடி. புருசன் வந்திருக்கிறாரோ?"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

"இவன்தான்," என்றான் உவே. "நாத்தான், வா. வந்து போட்டிட்டுப் போ."

பேனையை எனக்காக மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினார்கள்.

மேல் ஒருவருக்கு, கீழ் இருவருக்கு

கதிர்காமநாதன் என்ற என் பெயர் அந்த ஊரில் நாத்தான் ஆனதையும், மாவட்ட எல்லை தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு அகதியாக இருந்த காலத்தில் பஸ்ஸில் ஆன்கேயைக் கண்டதையும், அந்தக் கலியாணத்துக்கு வந்தவர்களைவிட வராதவர்கள் அதிகம் என்பதையும் முன்பே எழுதிவிட்டேன். இது அதற்கு அடுத்த வருடம். எண்பதுகளின் நடுப்பகுதி.

ஹனோவருக்கு வடக்கே போனால் மணல் மண். ஊசியிலைக் காடு, ஊதாப் பூப் பற்றை, உருளைக்கிழங்கு, இடையிடையே எண்ணெய்ப் பம்புகள். அவற்றை அங்கே குதிரைத்தலை என்பார்கள். யாரும் ஏறிப் போகாத இரும்புக் குதிரைகள் வயல் நடுவில் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும். எண்ணெய் என்றால் பாலைவனம் என்று நினைத்திருந்த எனக்கு, முதல்முறை பார்த்தபோது, எண்ணெய்ப் பம்பு என்று சொல்லி பஸ் சாரதி என்னைப் பேய்க்காட்டி ஏமாற்றுகிறான் என்றே பட்டது.

அந்தப் பகுதியில் ஒரு பழைய வழக்கம் உண்டு. நிலம் வேறு, நிலத்தின் அடியில் இருப்பது வேறு. ஆன்கேயின் பாட்டன் காலத்தில் எண்ணெய்க்காரர் ஊருக்குள் வந்தபோது, கெட்டிக்காரர்கள் சிலர் அடிமண்ணுக்கு என்று தனிப் பத்திரம் எழுதி வைத்துக்கொண்டார்கள். பாட்டன் அதில் ஒருவர். கிழக்கு வயலின் அடியில் வரும் எண்ணெயில் பங்கு கேட்கும் உரிமை அவருக்கு. அவர் காலத்தில் ஒரு சொட்டும் வரவில்லை. மகன் காலத்திலும் வரவில்லை.

அங்கே பண்ணையைத் துண்டாடுவதும் இல்லை. ஒரு பிள்ளைக்கே முழுதும் போகும். ஆகவே மாமனார் கண்ணை மூடியபோது வீடு, மாடு, வயல் எல்லாம் உவேக்கு. மகளுக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று மனுசன் யோசித்திருக்கிறார். கிழக்கு வயலின் கீழ்மண் உரிமையை இருவருக்கும் பாதி பாதி என்று எழுதி வைத்தார். ஊரில் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். பெட்டைக்குக் காத்தை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் கிழவர் என்றார்கள்.

அந்தச் சிரிப்பு கன நாள் நீடிக்கவில்லை. அந்தக் குளிர்காலமே பக்கத்து வயலில் துளைக்கும் கோபுரம் எழும்பியது. அது எழும்பி ஒரு மாதத்துக்குள் ஃபோகெலின் கார் எங்கள் முற்றத்துக்கு வந்தது.

ஃபோகெல் துளைக்கிறவர் அல்ல. இப்படிப்பட்ட பழைய உரிமைகளைத் தேடித் தேடி வாங்கி, துளைக்கிறவர்களிடம் பங்கு வாங்குபவர். இருவரின் பாதியும் சேர்ந்து வந்தால் ஒரே தடவையில் ஒரு தொகை தருவார். அதோடு சரி. பிறகு அந்தக் கீழ்மண் அவருடையது, அவருடைய பிள்ளைகளுடையது.

ஐயாவின் காணி

அந்தப் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு என் ஐயாவின் ஞாபகம் வந்தது.

எங்களுக்குக் காங்கேசன்துறைப் பக்கம் ஒரு காணி இருந்தது. கலப்பை இறங்காது. ஒரு சாண் மண், அதன் கீழே சுண்ணாம்புக்கல். சீமெந்துக்குக் கல் தேவைப்பட்ட காலத்தில் கல் எடுத்து விற்கும் கொந்தறாத்துக்காரர் ஒருவர் வந்து விலை பேசினார். காணி உங்களுக்குத்தான், கல்லை மட்டும் எடுக்கிறேன் என்றார். ஐயா மேலே தெரிந்த கல்லை நினைத்துக்கொண்டு தலையாட்டினார். பத்திரத்தில் "கல் உள்ள ஆழம்வரை" என்று எழுதியிருந்தது.

அந்த ஊரில் கல் எவ்வளவு ஆழம்வரை இருக்கிறது என்பதை ஆண்டவனைத்தான் கேட்க வேண்டும்.

லொறிகள் வந்தன, போயின. கடைசியில் மிஞ்சியது பனை உயரப் பள்ளமாகத் தோண்டிய கிடங்கு. மாரியில் பச்சைத் தண்ணீர் நிற்கும், கோடையில் வெள்ளைத் தூசி பறக்கும். பத்திரப்படி காணி எங்கள் பெயரில்தான் இருந்தது. ஐயா விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கிடங்கின் விளிம்பில் நின்று, வெறும் காற்றைச் சுட்டி, "இது எங்கடை காணி" என்பார். அவருக்குப் பகிடி நன்றாக வரும். ஆனால் அதைச் சொல்லும்போது ஒருநாளும் அவர் சிரித்ததில்லை.

ஆகவே நான் பேனையை எடுக்கவில்லை. நொத்தாரிசிடம் கேட்டேன்.

"இதிலை 'என்றென்றைக்கும்' எண்டு வாசிச்சியள். அதுக்கு ஒரு முடிவு இருக்கோ?"

"இல்லை."

"எண்ணெய் வராட்டில்?"

"அப்பவும் உரிமை அவருடையதுதான்."

"அப்ப நான் கொஞ்சம் யோசிக்க வேணும்."

ஃபோகெல் சிரித்தார். நொத்தாரிசு சிரிக்கவில்லை. கோப்பை மூடி, அடுத்த கிழமைக்கு இன்னொரு டெர்மின், அதாவது சந்திப்பு நாள், எழுதினார். உவே என்னைக் கடந்து இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனான். ஆனால் காரின் பின்சீற்றில் ஆன்கே என் கையைப் பிடித்திருந்த பிடியில் மோதிரம் விரலில் அழுந்தி நொந்தது.

வேறொருவரின் 'இல்லை'

பண்ணை முற்றத்தின் ஒரு ஓரத்தில், வயதானவர்கள் ஒதுங்கி இருப்பதற்காகக் கட்டிய சின்ன வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். கதவைச் சாத்தியதும் ஆன்கே என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"நல்லகாலம் நீ கேட்டாய். எனக்கு விக்கத் துண்டற விருப்பமில்லை. அப்பா எனக்கெண்டு தந்தது அது ஒண்டுதான்."

"அப்ப ஏன் அங்கை வாயைத் திறக்கேல்லை?"

"உவேக்கு என்னெண்டு சொல்லுறது? அவன் பாவம். நீ கையெழுத்துப் போடாமல் விட்டாலே காணும். எல்லாம் தானா நிக்கும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளுடைய 'இல்லை'யை நான் சுமக்க வேண்டும்.

மறுநாள் உருளைக்கிழங்குக் கொட்டிலில் உவே தரம் பிரிக்கும் பட்டியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டான். கெட்டவன் இல்லை. விடியமுன் எழும்பி மாட்டோடும் மண்ணோடும் மாரடிக்கிறவன். அரசாங்கம் பாலுக்கு அளவு கட்டிய காலம் அது. கறந்ததை விற்க ஏலாமல் தவித்தான்.

"பக்கத்துக் காணி விலைக்கு வருது, நாத்தான். இப்ப வாங்காட்டில் இந்தப் பண்ணை நிண்டு பிடிக்காது. உனக்கு இதிலை என்ன நட்டம்?"

"நட்டம் எண்டு சொல்லேல்லை. முடிவில்லாத பத்திரம் எனக்குப் பயம்."

அவன் கொஞ்ச நேரம் ஒரு கிழங்கைக் கையில் உருட்டினான்.

"வெளிநாட்டவர் அலுவலகத்திலையிருந்து ஆக்கள் வந்து விசாரிப்பினம் எண்டு கேள்வி. கலியாணம் உண்மையோ, விசாவுக்கோ எண்டு. என்னட்டைத்தான் முதல் கேப்பினம். என்ன சொல்லுறது எண்டு எனக்கே இன்னும் தெரியேல்லை."

சொல்லிவிட்டுப் பட்டியை ஓடவிட்டான். அந்தச் சத்தத்தில் நான் பதில் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

அகதி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த குணம் அண்ணைக்குத் தெருமுனைத் தொலைபேசிக் கூட்டிலிருந்து போன் எடுத்தேன். எதையும் நேரே சொல்லுகிற ஆள்.

"விசர்க்கதை கதையாதை. அவையின்ரை காணி, அவையின்ரை எண்ணெய். நீ நடுவிலை நிண்டு என்னத்தை வெட்டப்போறாய்? போடு கையெழுத்தை. விசா பெரிசோ, எண்ணெய் பெரிசோ?"

"அண்ணை, சம்மதம் எண்டு போட்டால் சம்மதம் இருக்க வேணுமெல்லே."

"உன்னை இந்த நாட்டிலை ஆரடா சம்மதம் கேட்டவை?"

"இப்ப கேட்டிருக்கினம் அண்ணை. முதல்தரம் கேட்டிருக்கினம்."

அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு. "சரி, உன்ரை தலையெழுத்து," என்று வைத்துவிட்டார்.

அது உண்மை. அந்த நாட்டு அலுவலகங்களில் அதுவரை என்னிடம் கேட்டதெல்லாம் காரணம். ஏன் வந்தாய், ஏன் இங்கே, ஏன் திரும்பிப் போகவில்லை. சரியா என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல்முறை. பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பயத்தைவிட ஒரு நிமிர்வு கூடுதலாக இருந்தது.

அன்று மத்தியானம் ஆன்கேயிடம் சொன்னேன். "நான் கையெழுத்துப் போடமாட்டன். ஆனால் அதை உன்ரை 'இல்லை'யா நான் சொல்லவும் மாட்டன். அது உன்ரை வாயாலை வரவேணும்."

"எனக்காக இதைக்கூடச் செய்யமாட்டியோ?"

"நான் சொன்னால், வெளியாலை வந்தவன் குடும்பத்தைக் குழப்பிப்போட்டான் எண்டு கதை முடியும். நீ சொன்னால் அது அண்ணன் தங்கச்சிக்குள்ளை இருக்கிற கதை."

"அவன் என்ரை தமையன்!"

"அதுக்காகத்தான் சொல்லுறன்."

பாத்திரம் துடைக்கிற துணி என் முகத்தில் வந்து விழுந்தது. அவள் முற்றத்துக்கு இறங்கினாள். நானும் இறங்கினேன். எனக்கு ஜெர்மன் முடிந்துபோய்த் தமிழில் கத்தினேன். அவள் அந்த ஊர்ச் சனங்கள் வீட்டுக்குள் பேசும் பழைய நாட்டுப் பேச்சில் கத்தினாள். ஒருவர் சொன்னது மற்றவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் எல்லாம் விளங்கியது. உவே குழாயடியில் சப்பாத்துக் கழுவிக்கொண்டு நின்றான். எங்களைப் பார்த்தான். தண்ணீரை நிறுத்திவிட்டு மெல்ல வீட்டுக்குள் போய்விட்டான்.

ஆன்கே சப்பாத்துப் போட்டாள்

அடுத்தநாள் காலை அவள் றப்பர்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "வா," என்றாள். வேறு பேச்சில்லை.

பக்கத்து வயலுக்கு நடந்தோம். கோபுரம் கிட்டப் போகப் போகத் தரை காலுக்குக் கீழே அதிர்ந்தது. டீசல் புகை, சாம்பல் நிறச் சேறு, கூழ்முட்டை நாற்றம். மஞ்சள் தொப்பி போட்ட மேற்பார்வையாளர் ஒருவர், ஒரு கையில் பாண் ரொட்டி, மறு கையில் கோப்பியோடு எங்களைத் தடுத்தார்.

ஆன்கே நேரே கேட்டாள். "அங்கை தெரியுற வயலின்ரை கீழ்மண் பாதி என்ரை. விக்காமல், குத்தகைக்குத் தந்தால் உங்கடை கொம்பனி எடுக்குமோ?"

மனுசன் பாணை மென்று முடித்தார். "விக்காத ஆக்களோடைதான் எங்களுக்கு வேலை, அம்மா. உரிமையை வாங்கி வைச்சிருக்கிறவையோடை பேசிறது வலு கஸ்டம்," என்று சொல்லிவிட்டுத் தன் கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் போன் எடுத்தார்.

இரண்டொரு நாளில் கொம்பனியிலிருந்து ஒருவர் எங்கள் சமையலறை மேசைக்கு வந்தார். வருடக் கணக்கு வைத்த குத்தகை. தொடக்கத்தில் ஒரு முன்பணம், எண்ணெய் வந்தால் ஒவ்வொரு பீப்பாவுக்கும் பங்கு. தவணை முடிந்தால் உரிமை திரும்பி வரும். நான் ஒன்று மட்டும் கேட்டேன், மேல்மண்ணை என்ன செய்வீர்கள் என்று. தனியாக வழித்து ஓரமாகக் குவித்து வைத்து, முடிந்ததும் அதே இடத்தில் போட்டுக் கொடுப்போம் என்றார். அதையும் எழுதச் சொன்னேன். எழுதினார்.

இரண்டாவது டெர்மினுக்கு அன்று வெயில் எறித்தது. அதே மேசை, அதே ஆட்கள். நொத்தாரிசு கோப்பைத் திறந்தார்.

"வாசிக்க வேண்டாம்," என்றாள் ஆன்கே. "நான் விக்கேல்லை."

உவே உடனே என்னைப் பார்த்தான்.

"அவனைப் பாராதை. நான்தான் சொல்லுறன். எனக்கு முதலே விருப்பமில்லை. சொல்லப் பயந்துகொண்டு இருந்தனான்."

பிறகு குத்தகை விசயத்தைச் சொன்னாள். "முன்பணம் முழுக்க நீ எடு. காணியை வாங்கு. பிறகு வாறதிலை பாதி பாதி."

"காசு காணாது," என்றான் உவே.

"காணாதுதான். மிச்சத்துக்கு வங்கிக்குப் போவம். நானும் வந்து பக்கத்திலை நிக்கிறன்."

அவன் எழும்பி யன்னலடிக்குப் போனான். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஃபோகெல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நொத்தாரிசு கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"அப்பா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்?" யன்னலைப் பார்த்தபடியே உவே கேட்டான்.

"இந்த ஃபோகெலுக்கு ஒரு கோப்பி குடுத்து அனுப்பியிருப்பார்."

உவேயின் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்தான். விருப்பமில்லாமல் வந்த சிரிப்பு, ஆனாலும் சிரிப்புத்தான். ஃபோகெல் தொப்பியைத் தலையில் வைத்தார்.

குத்தகைப் பத்திரம் எழுத இன்னொரு நாள் போனோம். நான் பேனையைத் தயாராகப் பையில் வைத்திருந்தேன். நொத்தாரிசு தலையை ஆட்டினார். விற்பனைக்குத்தான் புருசனின் சம்மதம் வேண்டும், குத்தகைக்குத் தேவையில்லை. அந்தக் காரியம் முழுவதிலும் என் கையெழுத்து ஒரு தாளிலும் இல்லை.

குதிரையும் விலையும்

எங்கள் வயலிலும் கோபுரம் நின்றது, போனது. அதன் இடத்தில் ஒரு குதிரைத்தலை வந்தது. முதல் எண்ணெயை மேற்பார்வையாளர் ஒரு ஊறுகாய்ப் போத்தலில் கொண்டுவந்து தந்தார். கறுப்பு இல்லை. தேயிலைச் சாயம்போல ஒரு மண்ணிறம். ஆன்கே விரலை விட்டு மணந்து பார்த்தாள். உவே கழுத்துத் துண்டின் நுனியில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். பாட்டன் எதிர்பார்த்துச் செத்த எண்ணெய்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அதற்குப் பிறகு கொஞ்சக் காலத்திலேயே உலகம் முழுதும் எண்ணெய் விலை படுத்துவிட்டது. எங்கள் பங்கு சுருங்கிப்போனது. வெறும் காசைப் பார்த்தால் உவே சொன்னதே சரி. அன்று விற்றிருந்தால் கூடக் கிடைத்திருக்கும். ஒரு பெருநாள் விருந்தில் அவனே அதைச் சொன்னான். "ஓம், சரிதான்," என்று ஆன்கே சொல்லிவிட்டு இன்னும் ஒரு துண்டு கேக் வெட்டினாள். அவளுக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. எனக்கும் இல்லை. வந்த பங்கில் அவள் நேர்ஸ் படிப்பை முடித்தாள். முன்பணத்தோடும் வங்கிக் கடனோடும் உவே பக்கத்துக் காணியை வாங்கினான். தவணை முடிந்தபோது கொம்பனி குதிரையைக் கழற்றிக்கொண்டு போனது. வழித்து வைத்த மேல்மண்ணைத் திருப்பிப் போட்டார்கள். அதன் அடியில் இருப்பது இன்றும் அண்ணனுக்கும் தங்கைக்கும் பாதி பாதி.

இனி, விசாரணைக்கு வந்தவர்களின் கதை.

குத்தகை எழுதிய அந்தக் கோடையிலேயே அவர்கள் வந்தார்கள். நான் வேலைக்குப் போயிருந்த நேரம். அதைப்பற்றி உவே ஒரு கிழமை வாயே திறக்கவில்லை. ஒருநாள் கிழங்கு வயலில் தண்ணீர்க் குழாய் மாற்றிக்கொண்டிருந்தோம். மணல் மண், கோடையில் ஒருநாள் தண்ணீர் விடாவிட்டால் இலை வாடிவிடும். நீட்டுக் குழாய், ஆளுக்கு ஒரு முனை.

"உன்ரை ஆக்கள் வந்தவை," என்றான் திடீரென்று.

என் முனையைக் கீழே வைத்தேன். "எப்ப?"

"போன கிழமை. ஒரு ஆம்பிளை, ஒரு பொம்பிளை. கலியாணம் உண்மையோ எண்டு கேட்டவை."

"நீ என்ன சொன்னனி?"

உவே தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான்.

"வீட்டு முத்தத்திலை நிண்டு பிடிச்ச சண்டையைச் சொன்னன். இவன் தன்ரை பாசையிலை கத்துறான், அவள் எங்கடை பாசையிலை கத்துறாள், ஒருத்தரும் விட்டுக் குடுக்கேல்லை எண்டு சொன்னன். விசாவுக்குக் கட்டினவன் பெண்சாதி கேட்டதுக்கெல்லாம் தலையாட்டுவான், இவன் ஆட்டேல்லை எண்டு சொன்னன். அந்தப் பொம்பிளை சிரிச்சுப்போட்டு எழுதிக்கொண்டு போனவ."

நான் அவன் முகத்தையே பார்த்தேன். நன்றி என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும் என்று தெரிந்தது.

"என்ன பாக்கிறாய்?" என்றான் உவே. "வெயில் ஏறுது. அந்த முனையைத் தூக்கு."